லிஞ்ச் பின் தானாகக் கழலாது

கேள்வி: கல்லும் மேடுபள்ளமுமாக இருக்கும் நிலத்தில் டிராக்டரில் கல்டிவேட்டர் மாட்டி உழுகிறேன். டிராக்டரின் பின்னால் கருவியைத் தாங்கும் இரண்டு கீழ்க் கைகளில், இடது பக்கக் கீழ் லிங்கில் மாட்டும் லிஞ்ச் பின் (வளையம் வைத்த சின்னப் பூட்டுப் பின்) அடிக்கடி விழுந்துவிடுகிறது. ஒருமுறை திரும்பிப் பார்த்தபோது கல்டிவேட்டர் ஒற்றை லிங்கில் கோணலாக இழுபட்டுக்கொண்டிருந்தது. புதுப் பின் போட்டும் அதே கதைதான். கட்டுக்கம்பியைச் சுற்றி முறுக்கிவிடலாமா?

பதில்: எப்போதும் இடது பக்கம் மட்டும்தான் விழுகிறது என்கிறீர்கள். அப்படியானால் பின்னைத் திட்டுவதை நிறுத்திவிட்டு அந்தப் பக்கத்தைப் பாருங்கள். கல்டிவேட்டரை மாட்டியபடியே மெதுவாகத் தூக்கி இறக்குங்கள். லிஞ்ச் பின்னின் வளையம் எதை உரசுகிறது? டயரின் உட்பக்கமா, செக் செயினின் (லிங்க் பக்கவாட்டில் அதிகம் ஆடாமல் பிடிக்கும் சங்கிலி) கொக்கியா, சட்டத்தின் கிளாம்பா? உரசும் இடத்தில் பெயின்ட் போய் இரும்பு பளபளவென்று தெரியும். பட்டறைக்கு இந்தக் குறையோடு வரும் வண்டிகளில் நான் முதலில் தேடுவது அந்தப் பளபளப்பைத்தான்.

பெரும்பாலும் குற்றவாளி செக் செயின். இரண்டு பக்கமும் சமமாக இல்லாவிட்டால் கல்டிவேட்டர் ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடும். அந்தப் பக்கத்து லிங்க் டயரை நெருங்கும், வளையம் டயரில் பட்டு நிமிர்ந்துகொள்ளும். அதற்கப்புறம் ஒரு கல்லில் ஏறி இறங்கினால் போதும். ஆகவே சமதளத்தில் நிறுத்தி, இரண்டு பக்கமும் டயருக்கும் லிங்குக்கும் உள்ள இடைவெளியை அளந்து சரிசெய்யுங்கள். செயினை முறுக்கி இறுக்கிவிடாதீர்கள். உழவுக் கருவிக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் அசைவு வேண்டும். அது இல்லையென்றால் கல்லில் இடித்த அடி முழுவதும் செயினுக்கும் அதன் பிராக்கெட்டுக்கும்தான் போய்ச் சேரும். சுழலும் கத்திகள் உள்ள ரோட்டவேட்டருக்கு மட்டும் அசைவு குறைவாக இருக்கட்டும்.

அடுத்து, லிங்க் மாட்டும் பெரிய பின்னை அசைத்துப் பாருங்கள். சட்டத்தில் அதைப் பிடித்திருக்கும் நட் தளர்ந்திருந்தால், கருவி ஏறி இறங்கும்போதெல்லாம் அந்தப் பின்னும் சேர்ந்து சுழலும். மேலிருந்து கீழாகச் செருகிய லிஞ்ச் பின் தலைகீழாகிவிடும். வளையம் மண்கட்டியிலும் தாளடியிலும் சிக்கித் திறந்துகொள்ளும். நட்டை இறுக்கி, லிஞ்ச் பின்னின் தலை மேலே இருக்கும்படி செருகுங்கள். அப்படி இருந்தால் வளையம் திறந்தாலும் பின் உடனே கீழே விழாது.

அளவையும் பார்த்துவிடுங்கள். முதல் வகைக் (கேட்டகரி 1) கருவிகளின் கீழ்ப் பின் 22 மி.மீ., இரண்டாம் வகையில் (கேட்டகரி 2) 28 மி.மீ.க்குச் சற்று அதிகம். லிங்க் முனையில் உள்ள பெரிய பந்தின் துளையில் சின்னப் பின்னை மாட்டி ஓட்டுகிறவர்கள் நிறைய. உள்ளே அது சுத்தியலால் அடிப்பதுபோல இடித்துக்கொண்டே இருக்கும், பூட்டும் தளரும். இடையில் புஷ் (இடைவெளியை நிரப்பும் குழாய்த் துண்டு) போட்டு ஓட்டுங்கள்.

இப்போது கம்பிக்கு வருகிறேன். வேண்டாம். அதிர்வில் கட்டுக்கம்பி அற்றுவிடும், அறாவிட்டாலும் அதன் முனை கையைக் கிழிக்கும். பழைய டியூபில் ஒரு பட்டை வெட்டி, வளையத்தோடு சேர்த்து இறுக்கமாக மாட்டிவிடுங்கள், வளையம் நிமிராது. பல மாதம் கழற்றப் போவதில்லை என்றால், லிஞ்ச் பின்னுக்குப் பதிலாகத் துளையை நிறைக்கும் கனத்தில் ஒரு போல்ட்டும் நைலான் லாக் நட்டும் போடலாம். வளையம் விரலால் தட்டினாலே திறக்கிறதா? ஸ்பிரிங் செத்துவிட்டது, தூக்கிப் போடுங்கள். ஆணியும் வெல்டிங் ராடும் பின் ஆகாது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது, வரட்டும்.

கேள்வி: கீழ் லிங்கின் பந்து முனைகளுக்கு தினமும் கிரீஸ் அடிக்கலாமா?

பதில்: வேண்டாம் என்பேன், பலர் ஒத்துக்கொள்வதில்லை. திறந்து கிடக்கும் பந்தில் கிரீஸ் தடவினால் புழுதியும் மணலும் அதில் ஒட்டிக்கொள்ளும், அந்தக் கலவையே உலோகத்தைத் தேய்க்கும். புழுதி நிலத்தில் துணியால் துடைத்துவிட்டுக் கொஞ்சம் எண்ணெய் விட்டால் போதும். கிரீஸ் நிப்பிள் உள்ள இடங்களுக்கும், கீழ் லிங்கைத் தூக்கும் லிஃப்ட் ராடின் லெவலிங் பெட்டிக்கும், கருவியை மேலே பிடிக்கும் டாப் லிங்கின் மரைக்கும் தாராளமாக அடியுங்கள். மரையின் மேல் டியூப் துண்டை உறைபோல மாட்டிவிட்டால் மண் ஏறாது. டாப் லிங்கின் லாக் நட்டைத் தளரவிட்டு ஓட்டாதீர்கள், அதிர்வில் நீளம் மாறிவிடும்.

கேள்வி: சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்க, டாப் லிங்க் மாட்டும் இடத்தில் சங்கிலி கட்டலாமா? உயரமாக வசதியாக இருக்கிறது.

பதில்: கூடவே கூடாது. இழுவை பின்சக்கர அச்சுக்கு மேலே விழுந்தால் முன்சக்கரங்கள் தூக்கும், டிராக்டர் பின்பக்கமாகப் புரண்டு ஓட்டுநர் மேலேயே விழும். குதித்துத் தப்ப நேரம் இருக்காது. பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைச் சட்டமான டிராபாரில் மட்டுமே கட்டுங்கள்.

கேள்வி: கருவியைக் கழற்றிவிட்டு மேடுபள்ளமான வண்டிப் பாதையில் போகும்போது லிங்குகள் ஆடி இடிக்கின்றன. என்ன செய்யலாம்?

பதில்: டாப் லிங்க்கை அதன் கொக்கியில் மாட்டுங்கள், கொக்கி உடைந்திருந்தால் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடுங்கள். கீழ் லிங்குகள் இரண்டையும் ஒரு ஸ்பிரிங்காலோ கொக்கி வைத்த ரப்பர் பட்டையாலோ ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும்படி கட்டுங்கள், டயர் பக்கம் போகாது. பட்டை, கருவிக்குச் சுழற்சி கொடுக்கும் பி.டி.ஓ. ஷாஃப்டைத் தொடாமல் இருக்க வேண்டும், கட்டும்போது என்ஜின் நின்றிருக்க வேண்டும். கழற்றிய பின்களை அந்தந்தத் துளையிலேயே திரும்பச் செருகி வையுங்கள், அடுத்த முறை தேட வேண்டாம்.