சொந்தமாகக் கட்டிய கெர்னல், முரண்டு பிடிக்கும் டிபென்டென்சி: கேள்வி பதில்

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைத் தாங்களே கம்பைல் செய்து பேக்கேஜாக ஏற்றும்போது, ஒரு பேக்கேஜ் வேறொன்றைக் கேட்டு நிற்கும் (டிபென்டென்சி) சிக்கல்கள் பற்றிக் காரைக்குடி வட்டாரத்து லினக்ஸ் பயனர்கள் கேட்டவை. பதில்கள் டெபியனுக்கும் உபுண்டுவுக்கும் பொருந்தும்.

தேவகோட்டை, கல்லூரி மாணவர்: அண்ணே, நண்பரின் புது மெஷினில் கட்டிய கெர்னலை என் உபுண்டு 20.04-ல் போட்டேன். இமேஜ் (கெர்னல் இருக்கும் பேக்கேஜ்) ஏறிவிட்டது. ஹெடர்ஸ் (வெளி மாட்யூல் கட்டத் தேவையான பேக்கேஜ்) மட்டும் 'லிப்சி6 2.34 வேண்டும்' என்று நிற்கிறது.

தம்பி, கெர்னலுக்கு லிப்சி (சாதாரண நிரல்கள் நம்பியிருக்கும் அடிப்படை சி நூலகம்) தேவையே இல்லை. ஹெடர்ஸ் பேக்கேஜுக்குள் மாட்போஸ்ட், ஃபிக்ஸ்டெப் என்ற குட்டி நிரல்கள் கம்பைல் ஆகி இருக்கின்றன. கட்டிய மெஷினின் லிப்சியைக் கேட்பவை அவைதான். 20.04-ல் இருப்பது 2.31, 22.04-ல் 2.35.

லிப்சியை மட்டும் வேறு ரிலீஸிலிருந்து கொண்டுவந்து ஏற்றிவிடாதே. பாஷ், எல்எஸ் எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன. பாதியில் முறிந்தால் ஷெல்கூடத் திறக்காது. பேக்கேஜை நேரடியாக ஏற்றும் டிபிகேஜிக்கு '--ஃபோர்ஸ்-டிபெண்ட்ஸ்' கொடுத்தால் பேக்கேஜ் ஏறும், மாட்போஸ்ட் ஓடாது. அதன்பின் ஆப்ட் எதைப் போடச் சொன்னாலும் மறுக்கும்.

என்விடியா, விர்ச்சுவல்பாக்ஸ் போல வெளி மாட்யூல் எதுவும் இல்லையென்றால் ஹெடர்ஸை நீக்கிவிடு, இமேஜ் மட்டும் போதும். இருந்தால் 20.04-லேயே கட்டு. நண்பரின் மெஷின்தான் வேகம் என்றால் டிபூட்ஸ்ட்ராப் வைத்து 20.04 குரூட் (அதே மெஷினுக்குள் தனியாக இருக்கும் 20.04 சூழல்) ஒன்று அமைத்து அதற்குள் கட்டலாம். இதில் எனக்குப் பிடிவாதமே உண்டு: எந்த ரிலீஸில் ஓடப்போகிறதோ, அந்த ரிலீஸில்தான் கட்ட வேண்டும்.

பள்ளத்தூர்: கெர்னலை டெப் பேக்கேஜாகக் கட்டும் 'மேக் பிண்டெப்-பிகேஜி' தொடக்கத்திலேயே 'அன்மெட் பில்ட் டிபென்டென்சிஸ்' என்கிறது.

பில்ட்-எசென்ஷியல், ஃபிளெக்ஸ், பைசன், பிசி, ஆர்சிங்க், டெப்ஹெல்ப்பர், லிப்எல்ஃப்-டெவ், லிப்எஸ்எஸ்எல்-டெவ், ட்வார்வ்ஸ். முதலில் இவற்றை ஏற்றுங்கள், பெரும்பாலும் போதும்; பிழைச் செய்தி வேறு பெயரைக் காட்டினால் அதையும் சேருங்கள். மெனுகான்ஃபிக் (அமைப்புகளை மெனுவில் தேர்வது) வேண்டுமானால் லிப்என்கர்சஸ்-டெவ். டிஸ்ட்ரோவின் கான்ஃபிக்கை (கெர்னல் அமைப்புக் கோப்பு) அப்படியே எடுத்திருந்தால் அடுத்து சான்றிதழ் கோப்பு இல்லை என்று நிற்கும். சிஸ்டம்_டிரஸ்டட்_கீஸ், சிஸ்டம்_ரெவொகேஷன்_கீஸ் இரண்டையும் காலியாக்குங்கள்.

காரைக்குடி: கம்பைல் நடுவில் கரண்ட் போனது. மறுபடி மேக் கொடுத்தால் லிங்க் ஆகும்போது 'ஃபைல் நாட் ரெகக்னைஸ்டு'.

டிஸ்க்கில் முழுதாக எழுதப்படாத ஆப்ஜெக்ட் கோப்புகள். அளவு பூஜ்யமாக உள்ள .ஓ கோப்புகளை ஃபைண்ட் கொண்டு அழித்துவிட்டு மேக் கொடுங்கள்; மீதி தொடரும். அப்போதும் பிழை வந்தால் மேக் கிளீன். கரண்ட் போனது இன்ஸ்டால் நேரத்தில் என்றால் 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ'.

கோட்டையூர், கணினி மையம் நடத்துபவர்: பூட் பகுதி நிரம்பி இமேஜ் பாதியில் நிற்கிறது. அதன்பின் எல்லாமே டிபென்டென்சி பிழை.

ஆச்சி, இது டிபென்டென்சி பிழையே இல்லை. இனிட்ராம்எஃப்எஸ் (பூட் தொடக்கத்தில் கெர்னலுக்குத் தேவையான கோப்புத் தொகுப்பு) எழுத இடமில்லாததால் இமேஜ் பாதி நிலையில் இருக்கிறது. 'யுநேம் -ஆர்' காட்டும், இப்போது ஓடும் கெர்னலைத் தொடாமல், பழையவற்றை ஆப்ட் பர்ஜ் மூலம் எடுங்கள். ஆப்டே ஓட மறுத்தால் டிபிகேஜி --பர்ஜ். ஆர்எம் கொண்டு அழித்தால் டிபிகேஜிக்கு விஷயமே தெரியாது. பிறகு டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ. இனிட்ராம்எஃப்எஸ்.கான்ஃப்-ல் 'மாட்யூல்ஸ்=டெப்' (இந்த மெஷினுக்கு வேண்டிய மாட்யூல்கள் மட்டும்) வைத்தால் கோப்பு சிறுக்கும்; ஆனால் அந்த டிஸ்க்கை வேறு மெஷினில் மாட்டினால் பூட் ஆகாமல் போகலாம்.

கானாடுகாத்தான்: லினக்ஸ்-லிப்சி-டெவ் (நிரல்களைக் கம்பைல் செய்யக் கெர்னல் ஹெடர்கள் தரும்) பேக்கேஜும் உருவானது. போட்டதும் 32-பிட் நூலகங்கள் மோதுகின்றன.

அதைப் போடவே வேண்டாம். ஏஎம்டி64 (64-பிட்), ஐ386 (32-பிட்) இரண்டிலும் அதன் பதிப்பு ஒன்றாக இருந்தாக வேண்டும்; நீங்கள் கட்டியது ஒன்றுக்கு மட்டும். 'ஆப்ட் இன்ஸ்டால் லினக்ஸ்-லிப்சி-டெவ்=' என்று எழுதி, டிஸ்ட்ரோவின் பதிப்பு எண்ணைச் சேர்த்துப் பழையதற்குத் திரும்புங்கள்.