டிரம்ஸ்காரரின் வாழ்க்கையை எங்கிருந்து எழுதுவது?

அன்புள்ள சார்,

எனக்குக் குலசேகரம் பக்கம். என் தாய்மாமா சின்ன வயதிலிருந்தே பங்குத் (கத்தோலிக்கக் கோயில்) திருவிழாக்களுக்குப் போகும் பேண்ட் செட்டில் சைடு டிரம் வாசிப்பவர். விடியற்காலையில் ரப்பர் பால்வெட்டு, சீசனில் பேண்ட். சில வருடங்களுக்கு முன் பழைய டிரம் செட் ஒன்றை வாங்கினார். கிளாரினெட், சாக்ஸபோன், கீபோர்டு, பேஸ் கிட்டார் வாசிக்கும் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஜாஸ் வாசிக்கிறார். எப்போதாவது கோவளத்து ஓட்டலில் கூப்பிடுவார்கள். வீட்டில் ராத்திரி சத்தம் கேட்கக் கூடாது என்று பலகைமேல் ரப்பர் ஷீட்டை மடித்துப் போட்டுப் பழகுவார். ஊரில் ‘இது என்ன கொட்டு ஓய், நம்ம ஆளுக்கு எதுக்கு அமெரிக்காக்காரன் பாட்டு’ என்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவரைப் பற்றி எழுத ஆசை. ஆனால் உட்கார்ந்தால் எழுத ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கிறது. விருது இல்லை, ஆல்பம் இல்லை. எங்கிருந்து தொடங்கலாம்? அவர்கள் வாசித்த ஒரு பதிவை அனுப்பியிருக்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஊர்க்காரர்களுக்கான பதில். ஜாஸ் பிறந்த அமெரிக்க நகரமான நியூ ஆர்லியன்ஸில் சாவு ஊர்வலத்துக்கும் திருவிழாவுக்கும் பேண்ட் செட்தான் போகும். ஒருவர் சைடு டிரம், இன்னொருவர் பேஸ் டிரம் என்னும் பெரிய டிரம். அதே ஆட்கள் நடன அரங்குகளுக்குள் வாசிக்கப் போனபோது இரண்டு பேருக்கு இடமும் இல்லை, கூலியும் இல்லை. இரண்டு வேலையும் ஒருவர் தலையில் விழுந்தது. பேஸ் டிரம்மைக் காலால் அடிக்கும் பெடலை வேகமாக வாசிக்கும்படி செய்து 1909இல் லுட்விக் என்ற அமெரிக்க டிரம்காரர் காப்புரிமை பெற்றார். அப்புறம்தான் இன்று நாம் பார்க்கும் டிரம் செட் உருவாகிவந்தது. தெருவில் நடந்துபோன பேண்ட், உட்கார்ந்தபோது டிரம் செட் ஆனது. உங்கள் மாமாவும் அப்படியே சைடு டிரம்மைத் தோளில் மாட்டி நடந்து, பிறகு உட்கார்ந்திருக்கிறார். இதற்கு அவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

நம் நாட்டிலும் இந்த வழி புதிதல்ல. கோவாவில் பங்குப் பள்ளிகளில் நொட்டேஷன் (எழுதிவைத்த இசைக்குறிப்பு) படித்த பிள்ளைகள்தான் பிற்பாடு பம்பாய் ஓட்டல்களில் ஜாஸ் வாசித்தார்கள், இந்திப் பட இசைக்குழுக்களை நிரப்பினார்கள். டிரம்பெட் வாசித்த சிக் சாக்லேட் அவர்களில் ஒருவர். நம் குமரி மாவட்டத்திலும் இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவ அமைப்பும் சபைகளும் பங்குகளும்தான் சாதாரண வீட்டுப் பிள்ளைகளின் கையில் டிரம்பெட்டையும் கிளாரினெட்டையும் கொடுத்தன. கூலி வேலைக்குப் போகிறவர்கள் சாயங்காலம் நோட்டுப் பார்த்து வாசிக்கும் ஊர்கள் இங்கே உண்டு. அதன் மதிப்பு நமக்கே சரியாகத் தெரியவில்லை என்பது என் வருத்தம்.

இனி பதிவு. செல்போனில் எடுத்தது என்றாலும் கேட்கவேண்டியது கேட்கிறது. வலது கை பெரிய சிம்பலில், அதாவது உலோகத் தட்டில், ‘டிங், டிங்கடிங்’ என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. தாளத்தின் ஓர் அடியை மூன்றாகப் பிரித்து நடுவில் உள்ளதை விட்டுவிடும் நடை அது, மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ரம் பழகிய காதுக்கு உடனே பிடிபடும். தாளத்தைக் காலிலிருந்து சிம்பலுக்குத் தூக்கிக்கொண்டு போனவர் என்று 1940 வாக்கில் நியூயார்க்கில் வாசித்த டிரம்காரர் கென்னி கிளார்க்கைச் சொல்வார்கள். அதனால் காலும் இடது கையும் விடுதலையாயின. தாளத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதோடு நிற்காமல், மற்றவர் வாசிப்பதற்குப் பதில் பேசவும் அவற்றால் முடிந்தது. உங்கள் மாமாவின் இடது கை அதைத்தான் செய்கிறது. பாதிக்குமேல் கிளாரினெட்காரருக்கு மூச்சு போதாமல் ஒரு வரி அறுகிறது. கவனித்தீர்களா? மாமா உடனே சத்தத்தைக் குறைத்து, சைடு டிரம்மில் மெல்ல ஒரு உருட்டு உருட்டி அந்த இடைவெளியை நிரப்புகிறார். கிளாரினெட் திரும்ப வந்ததும் விலகிவிடுகிறார். கேட்பவருக்கு வரி அறுந்ததே தெரியாது.

இதை அவர் எங்கே கற்றார் என்று கேளுங்கள். என் ஊகம், தேர்ப்பவனியில். சப்பரம் தெருமுனையில் திரும்பும்போது தூக்குகிறவர்களின் கால் தடுமாறும். பேண்ட் வேகத்தைக் குறைக்க வேண்டும், ஆனால் நிறுத்தக் கூடாது. நல்ல டிரம்காரர் அப்போது அவர்கள் காலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். எத்தனையோ ராத்திரி அப்படிப் பார்த்த ஒருவருக்குப் பக்கத்தில் இருப்பவரின் மூச்சு கேட்காமல் போகாது. நீங்கள் ‘எழுத ஒன்றும் இல்லை’ என்கிறீர்களே, எனக்கு இது ஒன்றே ஓர் அத்தியாயமாகத் தெரிகிறது.

டிரம்காரர்களுக்கு விருதும் ஆல்பமும் அளவுகோல் ஆகாது. பேபி டாட்ஸ் ஜாஸ் டிரம்மின் முன்னோடிகளில் ஒருவர். 1923இல் கிங் ஆலிவரின் ஜாஸ் குழு முதல் ரெக்கார்டுகளைப் போட்டபோது, பின்னாளில் பெரும்புகழ் பெற்ற லூயி ஆம்ஸ்ட்ராங்கோடு அவரும் இருந்தார். ஆனால் அந்தக் காலத்து ரெக்கார்டிங் எந்திரத்தில் பேஸ் டிரம் அடித்தால் ஊசி துள்ளிவிடும். அதனால் பெரும்பாலும் மரக்கட்டையில் தட்டித்தான் அவர் வாசிக்க வேண்டியிருந்தது. அந்த ரெக்கார்டுகளை மட்டும் கேட்டால் அவர் யார் என்று தெரியாது. பின்னாளில் சிலர் அவரை மட்டும் தனியாக வாசிக்கவைத்துப் பதிவு செய்தார்கள். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வாழ்க்கையைக் கேட்டு எழுதிக்கொண்டார். நமக்கு அவர் கிடைத்தது அப்படித்தான். நம் ஊர்ப் பேண்ட் செட்களுக்கு அந்த வேலையைச் செய்தவர்கள் மிகக் குறைவு. நீங்கள் செய்யலாம்.

பிறந்த தேதியிலிருந்து தொடங்காதீர்கள். ஒரு நாளிலிருந்து தொடங்குங்கள். விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனவர், பால் எடுத்து ஷீட் அடித்துவிட்டு, அன்று ராத்திரி கோவளத்தில் எப்படி வாசித்தார்? வெட்டுக்கத்தி பிடிக்கும் மணிக்கட்டுக்கும் குச்சி பிடிக்கும் மணிக்கட்டுக்கும் ஒத்துப்போகிறதா, வலிக்கிறதா? டிரம் செட் எந்த வண்டியில் போகிறது, வாடகை யார் கொடுப்பது? ஓட்டல்காரர் தரும் பணத்தை ஐந்து பேரும் எப்படிப் பிரிக்கிறார்கள்? அத்தை என்ன சொல்கிறார்? அவரிடம் மாமா இல்லாதபோது கேளுங்கள்.

மற்ற நான்கு பேரையும் தனித்தனியாகப் பாருங்கள். டிரம்காரரைப் பற்றி அவரைவிட அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும். முக்கியமாக அந்தக் கிளாரினெட்காரர். பதிவைப் போட்டுக் காட்டி, அந்த இடத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

அடுத்த முறை பதிவு செய்யும்போது செல்போனை டிரம்முக்கு முன்னால் வைக்க வேண்டாம், பேஸ் டிரம் சத்தத்தில் எல்லாம் உடைகிறது. பத்தடி தள்ளி, உட்கார்ந்திருப்பவர் காது உயரத்தில் வையுங்கள். மாமாவை அந்த ரப்பர் ஷீட்டில் தனியாக வாசிக்கச் சொல்லியும் ஒரு பதிவு எடுங்கள். ஜூன் மழையில் வெட்டு நிற்கும் நாட்களில் அவர் வீட்டில்தான் இருப்பார், திருவிழா சீசனும் இருக்காது. எழுதியவரை அனுப்புங்கள், முழுவதும் வாசித்துப் பதில் போடுகிறேன்.