உதைக்கு ஊன்றுகால்தான் முதல்: ஆசானிடம் கேள்வி பதில்

குழித்துறை பக்கம் களரியும் கராத்தேயும் சொல்லிக்கொடுக்கிறேன். உதை பற்றி வந்த கேள்விகளை எடுத்துக்கிட்டேன்.

பாறசாலையிலிருந்து: ஆசானே, சுற்று உதை (மவாஷி கெரி) வீசினா ஊன்றின காலோட முட்டு வலிக்குது. பயிற்சிப் பேக்கை உதைக்கும்போது இன்னும் அதிகம். ஏன்?

இடுப்பு திரும்புது, ஊன்றின பாதம் திரும்பல. அந்த முறுக்கு முழுக்க முட்டில் இறங்குது. முட்டு மடங்கி நீளுற மூட்டு, முறுக்கினா உள்ளே இருக்கிற ஜவ்வு தாங்காது. குதிகாலை லேசா தூக்கி முன்பாதத்தில் சுழலுங்க. உதை படுற நேரத்தில் உங்க குதிகால் எதிராளியைப் பார்த்து இருக்கணும்.

செம்மண் தரையில் வெறுங்காலோட ஒரு உதை வீசிட்டுத் தடத்தைப் பாருங்க. மண்ணை அரைவட்டமா அரைச்சிருந்தா சரி. ஐந்து விரலும் அச்சுமாதிரி பதிஞ்சிருந்தா நீங்க திரும்பவே இல்லை. சிமெண்டுத் தரையில் பிடிப்பான ஷூ போட்டு இந்த உதை பழகவே கூடாது. முட்டு வீங்கியிருந்தாலோ, நடக்கும்போது நழுவுற மாதிரி இருந்தாலோ பயிற்சியை நிறுத்திட்டு எலும்பு டாக்டரைப் பாருங்க. எண்ணெய் தடவிச் சமாளிக்கிற விஷயம் இல்லை இது.

அருமனை: நேர் உதையில் பெருவிரல் மடங்கி அடிபட்டுப்போச்சு.

விரல்களை மேல்நோக்கி இழுத்து, முன்பாதத்தின் சதைப்பகுதி படுற மாதிரி உதைக்கணும். முதல்ல முட்டு நெஞ்சுப் பக்கம் ஏறணும், பிறகுதான் கீழ்க்கால் நீளும். போன வேகத்திலேயே மடக்கி எடுங்க. நீட்டின காலை அப்படியே விட்டா எதிராளி பிடிச்சு இழுத்துப்போடுவான். விரல் ஆறுகிறவரைக்கும் காற்றிலேயே பழகினா போதும்.

நெய்யாற்றின்கரை: மகள் தேக்வாண்டோ படிக்கிறா, ஒன்பது வயசு. வடக்கன் களரியிலும் (வட கேரளப் பாணி) சேர்க்கலாமா, குழப்பமாயிடுமா?

தாராளமா சேருங்க. களரியில் நேர்க்கால், வீதுகால், கோண்கால், அகங்கால்னு காலை இடுப்பிலிருந்து மடக்காம வீசுற பயிற்சி முதல்ல வரும். அது இடுப்பைத் திறக்கும், ஊன்றுகாலுக்கு உறுதி கொடுக்கும். தேக்வாண்டோவில் முட்டை மடக்கி வெடுக்குனு விடுற வேகம்தான் பிரதானம். 2000 சிட்னி ஒலிம்பிக்கிலிருந்து அது பதக்க விளையாட்டு, உடம்பில் படுற உதையைவிடத் தலையில் படுறதுக்குப் புள்ளி கூடுதல். அதனால பிள்ளைங்க உயரத்துக்கே ஆசைப்படும். களரியில் வாங்குற நிதானம் அவளுக்கு அங்கேயும் உதவும். ரெண்டு ஆசான்மார்கிட்டேயும் விஷயத்தை முன்கூட்டியே சொல்லிடுங்க, அதுதான் மரியாதை.

கொல்லங்கோடு: வயசு 43. தலை உயரத்துக்கு உதைக்க முடியுமா?

சிலருக்கு இடுப்பு எலும்பின் அமைப்பே அதுக்கு இடம் கொடுக்காது, எவ்வளவு இழுத்தாலும் ஏறாது. தொடையிலும் விலாவிலும் சுத்தமா விழுற உதையே எனக்குப் பெரிசு. உடம்பு சூடானபிறகு மட்டும் காலை அகட்டிப் பழகுங்க. முதுகில் ஏறி அழுத்துறேன்னு யார் வந்தாலும் விடாதீங்க.

களியக்காவிளை: கர்க்கடகத்தில் (நம்ம ஆடி மாசம்) உழிச்சில், அதாவது களரி எண்ணெய்த் தடவல், எடுக்கிறேன். உதை பழகலாமா?

வேண்டாம் மக்களே. உழிச்சில் நாட்களில் உடம்புக்கு ஓய்வு வேணும். முடிஞ்சதும் சில நாள் விட்டு, வீதுகாலில் மெதுவா தொடங்குங்க.