சிவாஜி கையெழுத்திட்ட படம்: பணம் கொடுக்கும் முன் எழுதி வாங்குங்கள்

கேள்வி: அடுத்த மாதம் அப்பாவுக்குப் பீமரத சாந்தி. அவர் பழைய சிவாஜி ரசிகர். சிவாஜி கையெழுத்துப் போட்ட கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று காரைக்குடியில் ஒரு பழம்பொருள் வியாபாரியிடம் இருக்கிறது. 1989 தேர்தலில் திருவையாற்றில் நின்றபோது போட்டுக் கொடுத்தது என்கிறார். விலை 38,000 ரூபாய். ‘அசல்’ என்று சான்றிதழும் தருகிறாராம். நம்பி வாங்கலாமா? போலி என்று பிறகு தெரிந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: கிடைக்க வழி உண்டு. ஆனால் பணம் கொடுக்கும் முன் என்ன எழுதி வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் வழக்கின் பலம் இருக்கும்.

1989-இல் சிவாஜி திருவையாற்றில் போட்டியிட்டுத் தோற்றது உண்மை. தஞ்சாவூர்ப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த செய்தி என்பதால், போலி விற்பவருக்கும் அது தெரிந்திருக்கும். கையெழுத்தை யார் வாங்கினார், அவரிடமிருந்து வியாபாரி கைக்கு எப்படி வந்தது என்று கேளுங்கள். ‘இன்னாருக்கு அன்புடன்’ என்று பெயர் எழுதியிருந்தால் நல்ல அறிகுறி. போலி செய்பவர்கள் பெரும்பாலும் பெயர் எழுதுவதில்லை. எழுத்து கூடக்கூட மாட்டிக்கொள்வார்கள்.

நேரில் போகும்போது பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் டார்ச்சும் கொண்டுபோங்கள். கண்ணாடிச் சட்டத்திலிருந்து படத்தை எடுத்துத் தரச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். லென்ஸில் வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அது பிரிண்டரில் எடுத்த நகல். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பால்பாயிண்ட் பேனா அழுந்திய பள்ளம் தெரிய வேண்டும். பள்ளமே இல்லாமல், படத்தின் பளபளப்போடு கையெழுத்தும் ஒன்றாகக் கலந்திருந்தால் அது அச்சு. மை பேனா பள்ளம் விடாது. ஆனால் கை வேகம் குறைந்த இடத்தில் மை அடர்ந்திருக்கும். ஜெல் பேனா என்றால் 1989 கதை நிற்காது, அப்போது நம் ஊரில் அது புழக்கத்தில் இல்லை.

கோட்டின் தொடக்கத்தையும் முடிவையும் தனியாகப் பாருங்கள். பழகிய கை வேகமாகப் போடும்போது முனைகள் மெலிந்து முடியும். பார்த்து வரைந்த கையெழுத்தில் முனை மழுங்கியிருக்கும், வளைவுகளில் நடுக்கம் தெரியும், நடுவில் பேனாவை எடுத்து வைத்த தடமும் இருக்கும். படத்தில் பழைய மடிப்பு இருந்து, மை அந்த வெடிப்புக்குள் ஊறிப் பரவியிருந்தால் மடிந்த பிறகு போட்ட கையெழுத்து. இணையத்தில் கிடைக்கும் ஏதாவது ஒரு கையெழுத்தோடு இது அச்சு அசலாகப் பொருந்தினால் சந்தோஷப்படாதீர்கள். யாரும் இரண்டு முறை ஒரே மாதிரி போடுவதில்லை. அது பிரதி எடுத்தது.

இத்தனையிலும் தேறினால்கூட அசல் என்று உறுதியாகிவிடாது. ரசிகர்களுக்கு அனுப்பும் படங்களில் நட்சத்திரங்களின் உதவியாளர்கள் கையெழுத்துப் போடுவதும் உண்டு. அப்போது தாள் பழையது, மையும் பழையது, கை மட்டும் வேறு.

இனி சான்றிதழ். விற்பவரே கொடுக்கும் தாள், கையெழுத்து அசல் என்பதற்குச் சாட்சியாகாது. ஆனால் அவர் என்ன சொல்லி விற்றார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. பொருள் விற்பனைச் சட்டம், 1930-இன் 15-ஆவது பிரிவுப்படி, விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும். ஆகவே பில்லிலேயே இப்படி எழுதி வாங்குங்கள்: “சிவாஜி கணேசன் தம் கையால் இட்ட அசல் கையெழுத்து. அல்ல என்று தெரிந்தால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்.” ‘எனக்குத் தெரிந்தவரை’, ‘உள்ளது உள்ளபடி’ போன்ற சொற்களைச் சேர்க்கச் சம்மதிக்காதீர்கள். பணத்தைக் கடையின் கணக்குக்கே அனுப்புங்கள், ரொக்கம் வேண்டாம். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். பின்னால் நல்ல விலைக்கு விற்கலாம் என்று அதில் ஒரு வரி எழுதினாலும், மறுவிற்பனைக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று எதிர்த்தரப்பு வாதாடும்.

போலி என்று தெரிந்தால் முதலில் பதிவு வசதியுடன் ஸ்பீட் போஸ்ட்டில் அறிவிப்பு அனுப்புங்கள். பணம் வராவிட்டால் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தில் வழக்குப் போட அனுமதிக்கிறது, காரைக்குடிக்கு அலைய வேண்டாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. கெடு 2 ஆண்டுகள். வாங்கிய நாளிலிருந்தே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு. கையெழுத்தை நிபுணர் ஆய்வுக்கு அனுப்பச் சொல்லி அங்கேயே மனுப் போடலாம். ஒப்பிட, அதே காலத்தில் போட்ட, சந்தேகமற்ற கையெழுத்துகள் தேவைப்படும்.

போலீஸ் புகார் வேறு விஷயம். போலி என்று தெரிந்தே விற்றார் என்றால்தான் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவின்படி மோசடி. அவரும் ஏமாந்திருந்தால் குற்றம் ஆகாது. பணம் கேட்கும் உங்கள் உரிமை அப்போதும் அப்படியே இருக்கும்.

தகராறு என்று வந்தபின் படத்தை லேமினேட் செய்யவோ துடைக்கவோ வேண்டாம். ‘கொடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்’ என்று வியாபாரி கேட்டாலும், பணம் உங்கள் கணக்கில் ஏறும்வரை படம் உங்களிடமே இருக்கட்டும்.