பாக்ஸ்புரோ கணக்கைப் போஸ்ட்கிரெஸ்க்கு மாற்றுவது: கேள்வி பதில்

பாக்ஸ்புரோ என்பது பழைய தரவுத்தள மென்பொருள்; போஸ்ட்கிரெஸ் இன்று புழங்கும் தரவுத்தளம். நம் குமரி மாவட்டத்துக் கடைக்காரர்களும் சங்கக் கணக்கர்களும் கேட்டவை, கேட்டவரின் ஊர்ப் பெயரோடு.

தக்கலை: சார், மாற்றியபின் எங்கள் சங்கப் பட்டியலில், விலகிய உறுப்பினர்களெல்லாம் திரும்ப வந்துவிட்டார்கள்.

பாக்ஸ்புரோவில் அழித்தால் பதிவு போகாது. அதன் முதல் பைட்டில் நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். 'பேக்' கட்டளை கொடுத்தால்தான் நீங்கும். உங்கள் நிரல் குறியைப் பார்க்காமல் எல்லாவற்றையும் அள்ளியிருக்கிறது. குறி உள்ளவற்றைத் தனி அட்டவணையில் வையுங்கள். மூலக் கோப்பில் பேக் கொடுக்காதீர்கள்; பழைய பிரதியைத் தொடவே கூடாது.

மார்த்தாண்டம்: கொல்லங்கோடு என்று தேடினால் பாதிப் பேர்தான் வருகிறார்கள். மீதிப் பேர் பட்டியலில் கண்ணுக்குத் தெரிகிறார்கள், தேடினால் இல்லை.

இதை எல்லோரும் கவனிக்க வேண்டும். பழைய எழுத்துருக்களில் 'கொ' கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் இருக்கும்: கொம்பு, க, கால். நம் வீட்டுப் பெயர்களில் வரும் 'விளை'யிலும் இணைக்கொம்பு ளகரத்துக்கு முன்னால் நிற்கும். இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் மெய்க்குப் பிறகுதான் குறி. அந்த ஒகரக் குறியும் ஒரே குறியீடாக இருக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் இருக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. தரவுத்தளத்துக்கு அவை வெவ்வேறு சொற்கள். பாதி நிரல் மாற்றியது, பாதி கையால் அடித்தது என்றால் இப்படி ஆகும். போஸ்ட்கிரெஸ் 13 முதல் 'நார்மலைஸ்' என்ற கட்டளை இருக்கிறது, அதைக் கொண்டு எல்லாவற்றையும் என்எஃப்சி வடிவுக்கு, அதாவது ஒகரக் குறி ஒரே குறியீடாக இருக்கும் வடிவுக்கு, கொண்டுவாருங்கள். ஆனால் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ளகரமும் போட்டு 'கெளரி' என்று அடித்திருந்தால் அது திருத்தாது. ஆள்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

குளச்சல்: பேசாமல் பெயரையெல்லாம் இங்கிலீஷில் மாற்றினால் தொல்லை விடுமே?

விடாது. உங்கள் ஊரையே 'சி'யில் தொடங்குபவரும் உண்டு, 'கே'யில் தொடங்குபவரும் உண்டு. ல, ள, ழ மூன்றும் ஒரே 'எல்' ஆனபின் யார் பிரிப்பது?

மார்த்தாண்டம்: வங்கியில் இங்கிலீஷில்தானே கேட்கிறார்கள்?

கேட்கட்டும். அதற்கு இன்னொரு நெடுவரிசை சேருங்கள். ஒருவர் தன் பெயரையும் வீட்டுப் பெயரையும் எப்படி எழுதிக் கொடுத்தாரோ அப்படியே இருக்க வேண்டும். விளவங்கோடு பக்கம் மலையாளத்தில் எழுதிய பெயர் வந்தால் மலையாளத்திலேயே வையுங்கள். தரவுத்தளம் யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு வடிவில் இருந்தால், ஒரே நெடுவரிசை இரண்டையும் தாங்கும்.

தோவாளை: ஒரே ராத்திரியில் மாறிவிடலாமா?

கூடாது. ஒரு மாதக் கணக்கு முடியும்வரை இரண்டிலும் போடுங்கள். பதிவு எண்ணிக்கை மட்டும் ஒத்தால் போதாது, நிலுவைத் தொகையையும் கூட்டிப் பாருங்கள்.

நாகர்கோவில்: அப்புறம் பழைய கணினியை விற்கலாமா?

வேண்டாம்.

கருங்கல்: ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மேட் செய்து பயன்படுத்தலாமா?

வேண்டாம். மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

திங்கள்சந்தை: டேலியை மாற்றுவது எப்படி?

உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள்.

குலசேகரம்: அண்ணா, எல்லாம் வந்துவிட்டது. குறிப்புப் பகுதி மட்டும் காலியாக இருக்கிறது.

பாக்ஸ்புரோவின் அட்டவணை இருக்கும் டிபிஎஃப் கோப்பை மட்டும் எடுத்திருக்கிறீர்கள், தம்பி. குறிப்புகள் அதே பெயரில் எஃப்பிடி என்று முடியும் கோப்பில் தனியாக இருக்கும். பழைய கணினி இன்னும் கையில் இருக்கிறதா?