ஊசி போட்டுவிட்டு டாக்டர் போய்விடுவாரா?

கேள்வி: என் அப்பாவுக்கு 62 வயது. சர்க்கரை நோய் உண்டு. ஆஞ்சியோவில் மூன்று அடைப்பு என்று சொல்லி, இன்னும் 12 நாளில் பைபாஸ் செய்யத் தேதி கொடுத்திருக்கிறார்கள். ஆபரேஷன் நடுவில் விழித்துக்கொண்டதாகவும், வலித்தும் கத்த முடியவில்லை என்றும் யூடியூபில் ஒருவர் சொன்னதைக் கேட்டதிலிருந்து அப்பா சரியாகத் தூங்குவதில்லை. மயக்க ஊசி போட்டதும் அந்த டாக்டர் அடுத்த தியேட்டருக்குப் போய்விடுவாராமே? மயக்கம் தெளியாமலே போய்விடுமா? முதுகில் போடும் ஊசியால் காலம் முழுக்க இடுப்புவலி, ஞாபக மறதி, முடி கொட்டுதல் எல்லாம் வரும் என்கிறார்களே? வீட்டு ஆக்சிமீட்டரில் நாடித்துடிப்பு 56 என்று காட்டியதால் மெட்டோபுரோலால் மாத்திரையைப் போன வாரம் நிறுத்திவிட்டோம். பயத்தில் ஒழுங்காகச் சாப்பிடாததால் மூன்று நாளாக ராத்திரியில் நெஞ்சில் வாயு அடைக்கிறது, ஓமத் தண்ணீர் கொடுத்தால் சரியாகிறது. அப்பாவுக்குத் தைரியம் வருகிற மாதிரி பதில் சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அம்மா, உங்கள் கடிதம் வந்த அன்றே போனில் சொல்லிவிட்டேன், நீங்களும் அன்று மாலையே அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டீர்கள். தேதிக்காகக் காத்திருக்கும் மற்ற குடும்பங்களும் படிக்கட்டும் என்று இங்கேயும் எழுதுகிறேன்.

நீங்கள் கேள்விக்குறி போட்ட எதுவும் எனக்குப் பெரிய கவலை தரவில்லை. கேள்வியே கேட்காமல் போகிறபோக்கில் எழுதிய இரண்டு வரிகள்தான் தந்தன. மாத்திரையை நிறுத்தியிருக்கிறீர்கள். சில நாளில் ராத்திரி நெஞ்சு அடைக்க ஆரம்பித்திருக்கிறது. மூன்று அடைப்பு உள்ள மனிதருக்குப் படுத்திருக்கும்போது நெஞ்சை அடைத்தால், அதற்கு வாயு என்று பெயர் வைக்கும் உரிமை வீட்டில் யாருக்கும் கிடையாது. இ.சி.ஜி. எடுத்து, இதயத் தசைக்குச் சேதம் இருக்கிறதா என்று சொல்லும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் பார்த்துவிட்டு ஒரு டாக்டர் வைக்கட்டும். ஓமத் தண்ணீரில் சரியாகிறது என்கிறீர்கள். அடைப்பால் வரும் நெஞ்சுவலியும் எழுந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் போனால் பல சமயம் தானாகவே குறையும். அந்த நேரத்தில் ஓமம் வயிற்றில் இருந்தது, அவ்வளவுதான்.

மெட்டோபுரோலால் இதயத்தை நிதானமாக அடிக்க வைக்கும் மாத்திரை. துடிப்பு குறைந்தால் இதயத் தசையின் ஆக்சிஜன் தேவையே குறையும். அதோடு, இதயத்தின் சொந்தக் குழாய்களில் ரத்தம் பெரும்பாலும் இரண்டு துடிப்புக்கு நடுவில் உள்ள இடைவெளியில்தான் ஓடுகிறது, அந்த இடைவெளியும் நீளும். ஆகவே 56 என்பது மாத்திரை வேலை செய்வதற்கு அடையாளம், அதைப் பார்த்தால் டாக்டர்களான எங்களுக்குச் சந்தோஷம். தலைசுற்றல் இருந்தாலோ 50க்குக் கீழே இறங்கினாலோ உங்கள் இதய டாக்டருக்குப் போன் செய்யுங்கள், அளவைக் குறைப்பதா வேண்டாமா என்று அவர் சொல்வார். நாமாகத் திடீரென்று நிறுத்தினால், இத்தனை நாள் அடங்கியிருந்த இதயம் அட்ரினலினுக்கு முன்பைவிட அதிகமாகத் துள்ளும். நெஞ்சுவலி கூடலாம், மாரடைப்பே வரலாம். மாத்திரையோடு வரும் தாளிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. அதைப் படிக்க நேரமில்லாதவர்களுக்கு யூடியூப் பார்க்க மட்டும் எப்படித்தான் நேரம் கிடைக்கிறதோ.

எல்லோருக்கும் சொல்கிறேன். பைபாஸுக்குக் காத்திருப்பவருக்கு, சும்மா உட்கார்ந்திருக்கும்போதோ தூக்கத்தைக் கலைத்தோ நெஞ்சில் அழுத்தம் வந்தால், அது தணிந்துவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தணியவில்லையா, அவரை உட்கார வைத்து, டாக்டர் எழுதிக் கொடுத்த நெஞ்சுவலி மாத்திரையான சார்பிட்ரேட்டை நாக்குக்கு அடியில் ஒன்று வையுங்கள். ஐந்து நிமிடத்தில் விடவில்லை என்றால் 108. வியர்த்துக் கொட்டினாலோ மூச்சு வாங்கினாலோ அந்த ஐந்து நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம். பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் கொண்டுபோகிற வேலை கூடவே கூடாது. சர்க்கரை நோயாளிக்கு வலியே தெரியாமல் மூச்சுத் திணறல் மட்டும் வரலாம், அதற்கும் இதே விதிதான். விட்டுப்போன மாத்திரைகளைச் சேர்த்து ஒரே வேளையில் இரண்டாகப் போடுவதும் வேண்டாம்.

ஆபரேஷனுக்கு முன் நிறுத்த வேண்டிய மாத்திரைகள் உண்டு. ரத்தம் கட்டாமலிருக்கக் கொடுக்கும் க்ளோபிடோக்ரெல்லை வழக்கமாக 5 நாள் முன்பும், டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளைக் குறைந்தது 3 நாள் முன்பும் நிறுத்தச் சொல்வோம். இந்தச் சர்க்கரை மாத்திரைகளால், சர்க்கரை அளவு பார்வைக்குச் சரியாக இருக்கும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறலாம். எதை எந்தத் தேதியில் நிறுத்துவது என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுப்பார்கள். மெட்டோபுரோலால் பொதுவாக அந்தச் சீட்டில் இருக்காது. ஆபரேஷன் அன்று காலையிலும் ஒரு வாய்த் தண்ணீரோடு அதை விழுங்கச் சொல்வதுதான் வழக்கம்.

சரி, அப்பாவின் தூக்கத்தைக் கெடுத்த விஷயத்துக்கு வருவோம்.

நான் இதய ஆபரேஷன்களில் தலைமாட்டில் நிற்கும் மயக்க மருந்து டாக்டர். ஆரம்பம் முதல் முடிவு வரை அந்த அறையிலேயே இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் துறையின் முதல் விதி. இதய ஆபரேஷனில், வெளியே போக நினைத்தாலும் முடியாது. மயக்கம் ஒரே ஊசியில் முடிகிற காரியம் இல்லை. தூங்க வைக்க ஒரு மருந்து, வலிக்கு ஃபென்டனில், தசைகளைத் தளர்த்த இன்னொன்று, அப்புறம் தூக்கத்தை நீட்டிக்க மூச்சோடு போகும் செவோஃப்ளூரேன் மாதிரி ஒரு வாயு, அல்லது சிரிஞ்ச் பம்பில் போகும் புரோபோஃபால். ஆபரேஷன் முடியும்வரை இவற்றைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருப்போம். மருந்து போவது நின்றால் தூக்கம் கலையும். அதனால்தான் விட்டுவிட்டுப் போக முடியாது, அதனால்தான் தெளியாமல் போய்விடுமோ என்ற பயத்துக்கும் பெரும்பாலும் இடமில்லை. இதய ஆபரேஷனில் ஆபத்தே கிடையாது என்று நான் சொல்ல மாட்டேன். பக்கவாதம், ரத்தக் கசிவு, சிறுநீரகப் பாதிப்பு எல்லாம் சிலருக்கு வருகின்றன. அப்பாவுக்கு அந்த ஆபத்து எவ்வளவு என்று அவருடைய ரிப்போர்ட்டைப் பார்த்த சர்ஜனிடம் நேராகவே கேளுங்கள்.

தூங்க வைப்பதற்கு முன்பே மணிக்கட்டில் மரத்துப்போக ஊசி போட்டு, தமனிக்குள் மெல்லிய குழாய் ஒன்றைச் செருகுவோம். அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் "மயக்கம் கொடுக்காமலே ஆரம்பித்துவிட்டார்கள்" என்று பதறுவார். கையில் கட்டும் பட்டை சில நிமிடங்களுக்கு ஒருமுறைதான் பிரஷரைச் சொல்லும். இந்தக் குழாய் ஒவ்வொரு துடிப்பின் பிரஷரையும் திரையில் சிவப்புக் கோடாகக் காட்டும். அது எதற்கு என்று கேட்டால்: நம் நாட்டில் நிறைய பைபாஸ்கள் இதயத்தை நிறுத்தாமல், அது துடித்துக்கொண்டிருக்கும்போதே செய்யப்படுகின்றன. பின்பக்கக் குழாயில் தைப்பதற்காக சர்ஜன் இதயத்தைத் தூக்கும்போது அந்தச் சிவப்புக் கோடு சில விநாடிகளில் சரசரவென்று இறங்கும். டேபிளைத் தலைப்பக்கமாகச் சாய்ப்போம், பிரஷரை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்தைக் கொஞ்சம் கூட்டுவோம். அப்படியும் ஏறவில்லை என்றால் "சார், கொஞ்சம் இறக்குங்க" என்போம். எவ்வளவு பெரிய சர்ஜனாக இருந்தாலும் கையிலிருக்கும் தையலை நிறுத்திவிட்டு இறக்குவார். ஆபரேஷனில் பாதிக்கு மேல் இந்தப் பேச்சுதான் எங்களுக்குள் ஓடும்.

பல இடங்களில், தூங்கிய பிறகு வாய் வழியாக உணவுக்குழாய்க்குள் ஒரு எக்கோ கருவியையும் இறக்குவார்கள். உணவுக்குழாய் இதயத்தை ஒட்டி அதன் பின்னால் போவதால் படம் தெளிவாகத் தெரியும். ரத்தம் போதாத இடத்தில் தசைச்சுவர் மந்தமாகச் சுருங்குவதை, இ.சி.ஜி.யில் மாற்றம் வரும் முன்பே அதில் பார்த்துவிடலாம். வால்வு ஆபரேஷன் என்றால் அது கட்டாயம் மாதிரிதான், பைபாஸில் ஆளைப் பொறுத்து. கழுத்து ரத்த நாளத்தில் ஒரு குழாய், சிறுநீர்க் குழாய், உடல் வெப்பம், வெளிவிடும் மூச்சில் கரியமில வாயு, அவ்வப்போது ரத்தம் எடுத்து பொட்டாசியமும் சர்க்கரையும் பார்ப்பது, இவையும் உண்டு. எழுந்ததும் உடம்பெல்லாம் இத்தனை குழாயா என்று நீங்கள் பயப்படக் கூடாது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

இதயத்தை நிறுத்தி, இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் செய்யும் ஹார்ட்-லங் மெஷினில் போட்டுச் செய்தால் காட்சியே வேறு. முதலில் ரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் கொடுத்து, உறையும் நேரம் 480 விநாடிக்கு மேல் போய்விட்டதா என்று சோதித்த பிறகுதான் மெஷினை ஓட்டுவார்கள். சாதாரணமாக அந்த நேரம் இரண்டு நிமிடத்துக்குள்தான் இருக்கும். அப்புறம் இ.சி.ஜி. நேர்கோடாகிவிடும், நாடி இல்லாததால் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டரும் ஒன்றும் காட்டாது. நுரையீரலுக்கும் அப்போது வேலை இல்லை என்பதால் மயக்க வாயு மெஷின் வழியாகவே ரத்தத்தில் கலக்கும். மெஷினுக்கென்றே பெர்ஃப்யூஷனிஸ்ட் ஒருவர் பக்கத்தில் இருந்து கண்ணெடுக்காமல் பார்த்துக்கொள்வார்.

நடுவில் விழிப்பது கட்டுக்கதை இல்லை. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஆஸ்பத்திரிகளில் விசாரித்து 2014இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், முழு மயக்கம் கொடுத்தவர்களில் சுமார் 19,000 பேருக்கு ஒருவர் இப்படி ஏதோ நினைவிருப்பதாகச் சொல்லியிருந்தார். இதயம், நெஞ்சு ஆபரேஷன்களில் அது சுமார் 8,600 பேருக்கு ஒருவர். அந்தச் சம்பவங்களில் பெரும்பாலானவை தூங்க வைக்கும்போதோ தெளிய வைக்கும்போதோ நடந்தவை, கத்தி ஓடும்போது நடந்தவை குறைவு. பிரஷர் இறங்கிவிடும் என்று பயந்து, தூக்க மருந்தைக் குறைத்து வலி மருந்தையே பெரிய அளவில் கொடுத்த பழைய முறையில் இதய ஆபரேஷனில் இந்தத் தொல்லை அதிகம் இருந்தது. இப்போது அந்த முறை கிட்டத்தட்டப் போய்விட்டது. மூச்சில் மயக்க வாயு எவ்வளவு இருக்கிறது என்று மயக்கம் கொடுக்கும் மெஷின் அளந்துகொண்டே இருக்கும், குறைந்தால் அலாரம் அடிக்கும். நெற்றியில் ஒட்டும் பிஸ் என்ற பட்டை மூளையின் மின் அலைகளைப் படித்து ஒரு எண் சொல்லும், அதை 40க்கும் 60க்கும் நடுவில் வைத்திருப்போம். அந்த எண்ணும் தப்பே செய்யாதது அல்ல, அதனால் ஒன்றை மட்டும் நம்பி உட்கார்ந்திருப்பதில்லை. இதற்கு முன் எந்த ஆபரேஷனிலாவது அப்பாவுக்கு விழிப்பு வந்திருந்தாலோ, அவர் தினமும் குடிப்பவர் என்றாலோ, தூக்க மாத்திரைப் பழக்கம் இருந்தாலோ மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மருந்தின் அளவு அதைப் பொறுத்தது.

வீடியோவில் பேசியவருக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் "நடுவில் விழித்தேன், பேச முடியவில்லை, கையைக் கட்டிவைத்திருந்தார்கள்" என்று என்னிடம் சொன்னவர்களைக் கொஞ்சம் துருவிக் கேட்டால், பலர் விழித்த இடம் ஐ.சி.யு.வாக இருக்கும். ஆபரேஷன் முடிந்ததும் உடனே எழுப்ப மாட்டோம், சில மணி நேரம் வென்டிலேட்டரில்தான் இருப்பார். கண் விழிக்கும்போது வாயில் குழாய் இருக்கும், அது குரல்வளை வழியாகப் போவதால் குரல் வராது. தூக்கக் கலக்கத்தில் பிடுங்கிவிடாமல் இருக்கக் கையை மெத்தென்ற துணியால் கட்டியிருப்பார்கள். இதை முதல்நாளே அப்பாவிடம் சொல்லுங்கள்: "முழிக்கும்போது பேச வராது, ஆபரேஷன் முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம். நர்ஸ் கேட்டா தலையாட்டுங்க." என் நோயாளிகளுக்கு இந்த ஒன்றை நானே உட்கார்ந்து சொல்லாமல் தியேட்டருக்கு அழைத்துப்போவதில்லை.

மற்றவை: பைபாஸை முதுகில் ஊசி போட்டுச் செய்வதில்லை, முழு மயக்கம்தான். இடுப்புவலிக் கதை இங்கே பொருந்தவே பொருந்தாது. பெரிய ஆபரேஷன் எதற்குப் பிறகும் இரண்டு மூன்று மாதத்தில் முடி கொஞ்சம் கொட்டலாம், திரும்ப முளைத்துவிடும். ஞாபகம் சில வாரம் மந்தமாக இருக்கலாம், பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும்.

ஐ.சி.யு.வில் இரண்டாம் மூன்றாம் நாள் வயதானவர்கள் சிலர் சுவரில் பூச்சி ஓடுகிறது என்பார்கள், வீட்டுக்குப் போகிறேன் என்று இறங்கப் பார்ப்பார்கள். புத்தி பேதலித்துவிட்டதாக நினைத்து அழாதீர்கள், பொதுவாகச் சில நாளில் தெளிந்துவிடும். நர்ஸிடம் உடனே சொல்லுங்கள், ஆக்சிஜனோ உப்போ குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்பா கண்ணாடி போடுபவர் என்றால், காதுக்கு மெஷின் வைப்பவர் என்றால், பெயர் எழுதி ஐ.சி.யு.வுக்குள் கொடுத்தனுப்புங்கள். ஆளையும் நேரத்தையும் அடையாளம் கண்டுகொள்ள அது ரொம்ப உதவும்.