காசு கட்டினால் வீட்டுக்கு வரும் இன்டர்ன்ஷிப்

அன்புள்ள ஐயா,

அரசு கலைக் கல்லூரி ஒன்றில் இளங்கலைத் தமிழ் இரண்டாமாண்டு படிக்கிறேன். கோடை விடுமுறையில் இன்டர்ன்ஷிப் முடித்துச் சான்றிதழ் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஊர் சென்டர் ஒன்றில் 1,500 ரூபாய் கட்டினால் போதுமாம். போகவே வேண்டாம், சான்றிதழ் வீட்டுக்கே வருமாம். வகுப்பில் பாதிப் பேர் கட்டிவிட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் தமிழ் படிக்கிற எனக்கு வேறு என்ன இருக்கிறது? செய்முறைப் பயிற்சியெல்லாம் இன்ஜினியரிங் பிள்ளைகளுக்குத்தானே?

ம.
(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள ம.,

இன்ஜினியரிங் பிள்ளைகளை நினைத்து ஏங்க வேண்டாம். இறுதியாண்டு புராஜெக்டை ரெடிமேடாக விற்கும் சென்டர்கள் இங்கே எத்தனையோ வருஷமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. ரிப்போர்ட் முதல் வைவாவில் சொல்ல வேண்டிய பதில்வரை ஒரே பேக்கேஜ். உங்கள் ஊர் சென்டர் அந்த வியாபாரத்தைக் கலைக் கல்லூரிக்கு இப்போதுதான் கொண்டுவந்திருக்கிறது, அவ்வளவுதான்.

உருப்படியாக நடக்கும் இடங்களும் உண்டு. கோவை பீளமேட்டில் பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் 1926-ல் தொடங்கியது. பொறியியல் கல்லூரி வந்தது 1951-ல். அதாவது பட்டறை முதலில், கல்லூரி அப்புறம். அங்கே சாண்ட்விச் பி.இ. என்று ஐந்து வருஷப் படிப்பு இருக்கிறது. வகுப்போடு தொழிற்கூட வேலையும் சேர்ந்தே ஓடும். வேளாண் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. மாணவர்கள் கடைசி வருஷத்தில் கிராமத்தில் போய்த் தங்குகிறார்கள். ஊர்க்காரர்களை உட்காரவைத்து, கோலப்பொடியால் தரையில் ஊரின் வரைபடம் போடவைப்பார்கள்: கிணறு எங்கே, மேய்ச்சல் நிலம் எங்கே, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது. இலையில் புள்ளி விழுந்திருக்கிறதே, என்ன மருந்து அடிக்கலாம் என்று ஒரு விவசாயி கேட்டால், 'யூனிட் மூன்றில் இருக்கிறது' என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

நான் பார்ப்பது இதைத்தான். நீங்கள் செய்யும் வேலைக்காக, மதிப்பெண் போடுபவரைத் தவிர வேறு யாராவது ஒருவர் காத்திருக்கிறாரா? நீங்கள் சரியாகச் செய்யாவிட்டால் அவருக்கு ஏதாவது கெட்டுப்போகுமா? இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் அது பயிற்சி. இன்னொன்று, காசு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டப்படி பழகுநருக்கு நிறுவனம்தான் உதவித்தொகை தர வேண்டும். பட்டதாரிப் பழகுநருக்குக் குறைந்தது மாதம் 9,000 ரூபாய் என்று 2019-ல் விதி திருத்தினார்கள். இன்ஜினியரிங் அல்லாத பட்டதாரிகளுக்கும் உண்டு. சென்னை தரமணியில் இதற்கான தென்மண்டல வாரியம் இருக்கிறது. பட்டம் வாங்கிய பிறகு அது உங்களுக்கு உதவும், இப்போதைக்கு ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

சரி, தமிழ் படிக்கிறவர் இந்தக் கோடையில் என்ன செய்யலாம்? எனக்கு முதலில் தோன்றுவது விக்கிமூலம். விக்கிப்பீடியா போலவே யாரும் பங்களிக்கக்கூடிய இணைய நூலகம் அது. தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கிய நூல்கள் ஆயிரக்கணக்கில் அங்கே ஸ்கேன் படங்களாக ஏறியிருக்கின்றன. ஒரு பக்கம் படம், பக்கத்தில் கணினி படித்து எடுத்த எழுத்து. இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்துவதுதான் வேலை. நீங்கள் திருத்திய பக்கம் மஞ்சளாகும். வேறொருவர் மறுபடி பார்த்த பிறகே பச்சையாகும். உங்கள் பக்கத்தை நீங்களே பச்சையாக்க முடியாது. நம் தேர்வுத்தாள்கள் பலவற்றுக்குக்கூட இப்படியொரு ஏற்பாடு இல்லை!

வேலையில் இறங்கினால்தான் வகுப்பில் படித்த இலக்கணம் எவ்வளவு தேறும் என்று தெரியும். கணினி ரகரத்தைக் காலாகவும் காலை ரகரமாகவும் படித்துவைத்திருக்கும். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் அச்சான நூல்களில் ணா, றா, னாவுக்குத் தனி வடிவம். ணை, லை, ளை, னைக்கு மேலே கொம்பு சுழித்திருக்கும். கணினி அங்கே எதையோ போட்டுவிட்டு நகர்ந்துவிடும். வரி முடிவில் உடைந்த சொற்களை ஒட்ட வேண்டும். இதெல்லாம் பழகிவிடும். பழகக் கஷ்டமானது, கையைக் கட்டிக்கொண்டிருப்பது. ஆசிரியர் ஒற்று போடாத இடத்தில் உங்களுக்கு ஒற்று போடக் கை அரிக்கும். போடக் கூடாது. நூலில் இருப்பது இருந்தபடி வர வேண்டும். எது அச்சுப்பிழை, எது ஆசிரியரின் நடை, எது அந்தக் காலத்து வழக்கம் என்று ஒவ்வொரு பக்கத்திலும் முடிவெடுத்தாக வேண்டும். சுவடி பதிப்பித்த உ.வே.சா. முதல் இன்றைய பதிப்பாசிரியர் வரை எல்லாருக்கும் அன்றாட வேலை இதுதான். பாடத்தில் 'பாடபேதம்' (ஒரே வரி பிரதிக்குப் பிரதி வேறுபடுவது) என்று இரண்டு மதிப்பெண் கேள்வியாகக் கடந்துபோன விஷயம், இங்கே அரைமணி நேரம் உங்களைப் பிடித்துவைக்கும்.

கணினியோடு மல்லுக்கட்டப் பிடிக்காது என்றால் கல்வெட்டு. கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் அடித்து எழுத்துக்குள் தாளை இறக்கி, மேலே மை ஒற்றிப் படியெடுப்பார்கள். நீங்களாகப் போய்க் கோயில் சுவரில் மை தடவிவிட வேண்டாம், அதற்கு அனுமதி வேண்டும். படிக்கப் பழகுவதற்குத் தடையில்லை. சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல் இருக்கும். இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். யாப்பும் புணர்ச்சியும் படித்த உங்களுக்கு அது வராமல் போகாது. உங்கள் கல்லூரி வரலாற்றுத் துறையில் இதில் ஈடுபாடுள்ள ஆசிரியர் யாராவது இருப்பார், கேட்டுப் பாருங்கள்.

1,500 ரூபாய் கட்டிய தோழிகளைக் குறை சொல்ல மாட்டேன். ஊரில் போக இடமே இல்லாத பிள்ளையிடம் சான்றிதழ் கேட்டால் அது கடையில்தான் போய் வாங்கும். அந்தத் தப்பு கேட்டவர்களுடையது.

விக்கிமூலத்தில் நீங்கள் திருத்திய ஒவ்வொரு பக்கமும் உங்கள் பயனர் பெயரில், தேதியோடும் நேரத்தோடும் பதிவாகும். 'பங்களிப்புகள்' பக்கத்தை அச்செடுத்தால் அதுவே பணிப்பதிவேடு. ஆனால் தொடங்கும் முன்பே துறைத்தலைவரிடம் ஒரு கடிதம் கொடுத்து, இதை இன்டர்ன்ஷிப்பாக ஏற்பதாகக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். முடித்த பிறகு போனால், 'கம்பெனி லெட்டர்ஹெட் எங்கேம்மா?' என்பார்கள்.